சொந்தக்காரர்கள் போட்ட நட்சத்திரம்

லிங்கைத் தொட்டால் கடை திறக்க வேண்டும். செவ்வாய்க்கிழமையிலிருந்து திறக்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் சாஜிதா போனை எடுத்து ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அடுப்பில் இட்லிச் சட்டியை ஏற்றிவிட்டு ஒருமுறை. மகள் சஃப்ரினுக்குத் தலை பின்னும்போது, சீப்பை வாயில் கவ்விக்கொண்டு ஒருமுறை. மூன்று தடவையும் ஒரே பதில்தான். ‘இந்தப் பொருள் இப்போது விற்பனையில் இல்லை.’

“உம்மா, வலிக்கி” என்றாள் சஃப்ரின்.

பின்னலைப் போட்டு இறுக்கிவிட்டது அப்போதுதான் சாஜிதாவுக்குத் தெரிந்தது.

கடை மூடியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக முந்தைய கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஆண்களுக்குக் கவலையில்லை. துண்டைக் கட்டிக்கொண்டு அருவிக்குள் தலையைக் கொடுத்துவிடுவார்கள். பெண்கள் பாடுதான் திண்டாட்டம். நைட்டி உடம்போடு ஒட்டும். சுடிதார் தண்ணீர் அடிக்கிற வேகத்தில் மேலே ஏறும். புர்கா போட்டவர்களில் பாதிப் பேர் கரையில் நின்று பிள்ளைகளின் செருப்பைக் காவல் காத்துவிட்டு, தலைமுடிகூட நனையாமல் வீடு திரும்புவார்கள். மேலகரத்தில் குடியிருந்துகொண்டு, கூப்பிடு தூரத்தில் இருக்கிற அருவியில் ஆறு வருஷமாகச் செருப்புக் காத்தவள் சாஜிதா. ஏழாவது வருஷம் பொறுக்க முடியாமல் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். ஒட்டாத துணி, ஏறாத வெட்டு, இடுப்பில் இழுத்துக் கட்ட ஒரு நாடா. அதற்கு ‘அருவி அங்கி’ என்று பெயர் வைத்து ஆன்லைன் கடையில் ஏற்றினாள்.

ஏற்றினால் மட்டும் போதுமா? அந்தக் கடைவீதியில் கோடிப் பொருள் கிடக்கிறது. இவள் அங்கியை யார் தேடிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடிக்க வைத்தவள் நாத்தனார் முஹ்ஸினா. அங்கியைச் சுவரில் மாட்டிப் படம் எடுத்தாள். வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றி வீடியோ எடுத்தாள். கீழே லிங்கைக் கொடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸ், ஃபேஸ்புக், இன்ஸ்டா என்று ஒன்று விடாமல் போட்டாள். ஒன்பதே நாளில் பதினோரு அங்கி போனது. பத்தாம் நாள் கடை மூடிக்கொண்டது.

இதில் சாஜிதாவைப் பயமுறுத்தியது வியாபாரம் மட்டுமல்ல. அவள் கணவன் முகம்மது சலீம் சவூதியின் தம்மாமிலிருந்து லீவில் வந்திருக்கிறான். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவன் ஊரில் இருந்த நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் முழுசாக ஒரு வருஷம் தேறாது. இந்தத் தடவை வந்து இறங்கியபோது சஃப்ரின் அவனை ஒரு வாரம் ‘அங்கிள்’ என்றுதான் கூப்பிட்டாள். போனுக்குள் இருக்கிற வாப்பா வேறு, வீட்டுக்குள் நடமாடுகிற இந்த ஆள் வேறு என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்ட அன்று ராத்திரி சலீம்தான் சொன்னான்: “அங்கி ஓடிச்சுன்னா நான் திரும்பிப் போகல சாஜி. நீ தையி, நான் வெட்டுதேன், பேக் பண்ணுதேன்.”

தம்மாம் கம்பெனிக்குப் பதில் சொல்லவேண்டிய கெடு இன்றைக்குத்தான். வியாழன் மத்தியானத்தோடு அங்கே ஆபீஸ் மூடிவிடும். நம்ம ஊர் நேரப்படி நாலு மணி.

உள்ளறையில் சூட்கேஸ் வாயைப் பிளந்து கிடந்தது. சலீம் இரண்டு சட்டையை மட்டும் உள்ளே வைத்திருந்தான்.

“சாப்பிட்டுட்டுப் போங்க” என்றாள்.

“தென்காசி வரைக்கும் ஒரு வேல. வந்து சாப்பிடுதேன்” என்றபடி, அவள் முகத்தைப் பார்க்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

டிக்கெட் விசாரிக்கத்தான் போகிறான் என்று அவள் மனசு சொன்னது. இட்லி ஆறிப்போனது.

ஒன்பது மணிக்கு முஹ்ஸினா மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடிவந்தாள்.

“மதினி! மெயில் வந்துட்டு. ஏன் மூடுனாங்கன்னு காரணம் சொல்லிருக்காங்க.”

“என்னவாம்?”

“ஞாயித்துக்கிழமை ஒரே நாளுல, ஒரே லிங்க் வழியா வந்த நாப்பத்தோரு பேரு, பொருள வாங்காமலே அஞ்சு ஸ்டார் குடுத்துருக்காங்களாம். காசு குடுத்துப் போடச் சொன்ன பொய் ஸ்டாருன்னு சந்தேகப்படுதாங்க.”

“யாருட்டி அந்த நாப்பத்தோரு பேரு?”

இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு போனைப் பார்த்தார்கள். மூடிய கடையாக இருந்தாலும் விற்கிறவர்களுக்கு உள்ளே போக வழி உண்டு. முஹ்ஸினா ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தாள்.

“‘மாஷா அல்லாஹ், எங்க சலீம் பொண்டாட்டி கைவேலை, எல்லாரும் வாங்கவும்.’ இது ஷார்ஜா. ‘கல்யாணத்துக்கு வர முடியாமல் போனதற்கு மன்னிக்கவும், அங்கி அருமை.’ இது கடையநல்லூரு. ‘நூருன்னிசா மாமி சொன்னதால் ஐந்து நட்சத்திரம்.’”

சாஜிதாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முஹ்ஸினா நிறுத்தவில்லை.

“இத கேளுங்க மதினி. ‘நல்ல துணி. ஆனால் ஈரத்தில் நாடா முடிச்சு அவிழ மாட்டேன் என்கிறது.’ யாரு தெரியுமா? நம்ம அப்துல் மஜீது மாமா! மாமா அங்கி போட்டுக் குளிச்சுருக்காரு போல!”

அந்த நிலையிலும் சாஜிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மஜீது, மாமியார் நூருன்னிசாவின் தம்பி. முப்பது வருஷம் தம்மாமில் இருந்துவிட்டு இப்போது இலத்தூரில் தனியாக இருக்கிறவர். அவர் மனைவி இறந்து ஆறு வருஷம். சலீமை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவரே அவர்தான்.

சிரிப்புச் சத்தம் கேட்டு நூருன்னிசா அடுக்களையிலிருந்து வந்தார். கையில் ஒரு காலண்டர் தாள். அதன் முதுகில் வரிசையாகப் பெயர்கள், பக்கத்தில் பேனாவால் டிக்.

“ஸ்டாருதான பாக்கிய? நாப்பத்திரெண்டு பேரு போட்டாச்சு. பெரிய வீட்டுக்காரங்க மட்டும் இன்னும் போடல. போன பெருநாளைக்கு நம்ம வீட்டுக்கு வராதவங்கதான, அவங்க எங்க போடப் போறாவ” என்றார் பெருமையாக.

“உம்மா, நீங்களா குடும்ப குரூப்புல லிங்க அனுப்புனது?”

“நாந்தான். நீங்க ரெண்டு பேரும் ஊரு பேரு தெரியாதவங்களுக்குல்லாம் லிங்க அனுப்புதிய. சொந்தத்துக்கு ஒரு வார்த்த சொல்லலன்னா நாளைக்கு என்னையல்லா கேப்பாவ? நம்ம வீட்டுல ஒரு விசேஷம்னா எல்லாரும் வந்து தலையக் காட்டணுமா இல்லியா? வாய்ஸ் போட்டு, வராத ஆளுக்குத் தனியா போனும் போட்டேன்.”

கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி லிங்கை வைத்திருக்கிறார். நாற்பத்திரண்டு குடும்பமும் மொத்தமாக வந்து தலையைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. குறை சொல்ல முடியாத அன்புதான். அந்த அன்புதான் கடைக்குப் பூட்டுப் போட்டது.

முஹ்ஸினா உண்மையை உடைத்ததும் நூருன்னிசா தாளை மடித்துக்கொண்டார். சுவர் ஓரமாக மெல்ல உட்கார்ந்துவிட்டார். “எம் மவன் போக வேண்டாம்னுதானட்டி செஞ்சேன்” என்றார். சாஜிதாவுக்குக் கோபம் பொங்கி வந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் அங்கேயே நின்றுவிட்டது.

“நாம ஒரு தடவ விளக்கம் எழுதலாமாம். ஒரே தடவதான்” என்றாள் முஹ்ஸினா. “யாரோ அக்கவுண்ட்டுக்குள்ள பூந்து வேணும்னே பண்ணிட்டாங்கன்னு எழுதிருவமா மதினி? நெறய பேரு அப்படித்தான் எழுதுவாங்களாம்.”

சாஜிதா உள்ளறைப் பக்கம் பார்த்தாள். பொய்க்கு உடனே பலன் கிடைக்கும், நாலு மணிக்குள் கடை திறந்தாலும் திறக்கும். சூட்கேஸை மூடி பரணில் போட்டுவிடலாம்.

“வேண்டாம்” என்றாள். “வாங்காதவங்க போட்ட ஸ்டாரே பொய்யி. அத மறைக்க இன்னொரு பொய்யா? உள்ளத எழுது. மாமியாரு ஆசயில சொல்லிட்டாங்க, எல்லாத்தயும் எடுக்கச் சொல்லுதோம்னு எழுது. வாங்குனவங்க போட்டோ இருந்தா சேக்கச் சொல்லி மெயில்லயே போட்டுருக்காங்கல்லா, அத நான் போயி வாங்கிட்டு வாரேன்.”

“எடுக்கச் சொல்லணுமா?” நூருன்னிசா நிமிர்ந்தார். “கூப்பிட்டு வரவழச்சவங்களப் பாத்து, சோறு இல்ல, எந்திரிச்சுப் போங்கன்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு. என் மொகத்த எங்க கொண்டு வைப்பேன்?”

எடுக்கச் சொல்லுங்கள் என்று ஒரு மருமகள் மாமியாரிடம் எப்படி வற்புறுத்துவது? சாஜிதா புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது. போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேடைப் பேச்சு மாதிரி சத்தமாகத்தான் அவருக்கு வாய்ஸ் அனுப்பத் தெரியும்.

“அஸ்ஸலாமு அலைக்கும். நூருன்னிசா பேசுதேன். ஞாயித்துக்கிழமை போட்ட ஸ்டார எல்லாரும் எடுத்துருங்க. வாங்காதவங்க போடக் கூடாதாம். எனக்குத் தெரியல. இது என் தப்பு. என் மருமவ மேல ஒரு தப்பும் இல்ல. அவளுக்கு இது தெரியவே தெரியாது. அவ ஒழப்ப நான் கெடுத்துட்டேன். கோவிக்காம எடுத்துருங்க, அல்லா உங்களுக்கு நல்லது செய்வான்.”

நாற்பத்திரண்டு குடும்பத்தின் காதிலும் விழுகிற மாதிரி, ‘என் மருமவ மேல தப்பு இல்ல’ என்று அவர் சொல்லி சாஜிதா கேட்டது இதுதான் முதல் தடவை. பஸ் ஸ்டாப் வரை கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் நடந்தாள்.

குற்றாலத்தில் சாரல் முகத்தில் அடித்தது. மெயினருவி இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதும் கேட்காது. அங்கி வாங்கிய பதினோரு பேரில் ஒரு விலாசம் மட்டும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பார்சலில் அவளே எழுதியது: அனுசியா, போலீஸ் அவுட்போஸ்ட், குற்றாலம்.

பெண்கள் பக்கம் விசிலும் கையுமாக நின்றிருந்த பெண் காவலர்தான் அனுசியா. ஆலங்குளத்துப் பெண், சீசன் டியூட்டிக்கு வந்தவள். சாஜிதா தயங்கித் தயங்கிப் பெயரைச் சொன்னாள்.

“அருவி அங்கியா? ஆமா, வாங்குனதும் நாந்தான், மூணு ஸ்டார் போட்டதும் நாந்தான். சண்டைக்கா வந்திய?”

“இல்ல மேடம். உங்க மூணு ஸ்டாரு எனக்கு வேணும். அதக் கேட்டுத்தான் வந்தேன்.”

நடந்ததைச் சொன்னாள். அனுசியா முதலில் விசிலை வாயிலிருந்து எடுத்தாள், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“எங்க ஊருலயும் இப்படித்தான்க்கா. எங்கம்மாட்ட லிங்க குடுத்துருந்தா ஆலங்குளம் தாலுகாவே வந்து ஸ்டார் போட்டுருக்கும். ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. அங்கி நல்லாருக்கு, ஒட்டல, ஏறல. டியூட்டி முடிஞ்சு தெனமும் அதப் போட்டுத்தான் குளிக்கேன். அந்த நாடாதான் பாடாப் படுத்துது. நனஞ்சா முடிச்சு அவுறவே மாட்டேங்கு. அன்னைக்குப் பல்ல வச்சுக் கடிச்சு அவுத்தேன்.”

“அதுக்குப் பதிலா ஒட்டுற பட்ட வச்சுருதேன் மேடம். ஸ்கூல் பையிலல்லாம் வருமே, பர்ருன்னு பிச்சு எடுப்போமே, அது.”

“வச்சியன்னா மூண நாலாக்கிருதேன். அஞ்சு குடுக்க மாட்டேன், ஆமா” என்று அனுசியா தன் போனைத் தட்டி, குவார்ட்டர்ஸ் கொடியில் காய்கிற அங்கியின் படத்தையும், தான் வாங்கியது உண்மை என்று நாலு வரியையும் அனுப்பினாள். “சீக்கிரம் கடையத் தெறங்கக்கா. எங்க பேட்ச் குரூப்புல லிங்க போட்டேன், ஒண்ணுமில்லன்னு வருதாம். எட்டு பேரு என் உயிர வாங்குதாளுவ.”

ஒன்றரை மணிக்கு விளக்கம் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. முஹ்ஸினா நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பது. இருபத்தாறு. தம்மாமில் சாப்பாட்டு நேரம் வந்ததும் தடதடவென்று பதினொன்று குறைந்தது. கடையநல்லூரிலிருந்து ஒருத்தி போன் போட்டு, ‘போடச் சொன்னிய போட்டேன், எடுக்கச் சொல்லுதிய எடுக்கேன், நாளைக்கு என்ன சொல்லுவிய’ என்று கேட்டாள். நூருன்னிசா அதையும் வாங்கிக்கொண்டார். தாளில் தான் போட்ட டிக்குகளைத் தானே ஒவ்வொன்றாக அடித்தார்.

மூன்று மணிக்கு சலீம் வந்தான். வண்டியின் பின்னால் பெரிய கட்டு ஒன்று. பார்சல் போடும் கவர்கள்.

“கடையே மூடிக் கெடக்கு. கவரு எதுக்கு?” என்றாள் சாஜிதா.

“மலிவாக் கெடச்சுது” என்று சொல்லிவிட்டு ஆறிப்போன இட்லியைச் சாப்பிட உட்கார்ந்தான்.

மூன்றரை. மூன்றே முக்கால். லிங்க் அதே வரியைத்தான் சொன்னது. நாலு மணி அடித்தபோது சாஜிதா எழுந்து உள்ளறைக்குப் போனாள். அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து சூட்கேஸில் வைக்கத் தொடங்கினாள். அழக் கூடாது என்று நினைத்தாள், நீலச் சட்டை வரைக்கும் அழவில்லை.

நாலு நாற்பதுக்கு முஹ்ஸினா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

“மதினீ! தெறந்துட்டு! கட தெறந்துட்டு!”

சாஜிதா ஓடிவந்து தொட்டுப் பார்த்தாள். அங்கி வந்தது. கருநீல அங்கி, சுவரில் மாட்டிய அதே படம். கீழே ஒரு வரி: ‘உண்மையைச் சொன்னதற்கு நன்றி. இனி வாங்கியவர்கள் மட்டும் மதிப்பிடும்படி பார்த்துக்கொள்ளவும்.’ வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆர்டர் வந்தது. அடுத்தது. மூன்றாவது. எல்லாம் அனுசியாவின் கூட்டாளிகள்.

சிரித்துக்கொண்டே திரும்பியவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

“நாலு மணி தாண்டிட்டே” என்றாள். “இப்பச் சொன்னா ஏத்துக்கிடுவாங்களா?”

சலீம் கவர்க் கட்டை ஓரமாக வைத்துவிட்டு வந்தான். “நான் காலையிலயே சொல்லிட்டேன் சாஜி. வரலன்னு.”

“காலையிலயா? காலையில கட மூடில்லா கெடந்துச்சு!”

“ஆமா.”

“அப்புறம் எந்த தைரியத்துல சொன்னிய?”

அவன் உள்ளறைக்குப் போனான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, திறந்த சூட்கேஸுக்குள் ஏறி உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த சஃப்ரினைத் தூக்கி வெளியே விட்டான். மடித்து வைத்த சட்டைகளையும் எடுத்துக் கட்டிலில் போட்டான். “மூணு நாளா நீ அந்த போனத் தொட்டுத் தொட்டுப் பாத்தத பாத்தேன். இது தெறக்கலன்னா நீ வேற ஒண்ணு தெறப்ப. எனக்குத் தெரியும்” என்றான். “தென்காசி ஏஜென்ட்டுகிட்ட போயி சொல்லிட்டு, வாரப்ப கவரு வாங்கிட்டு வந்தேன்.”

சாஜிதா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு ஒரு பாட்டம் அழுதாள். மூன்று நாளாக அடக்கி வைத்ததெல்லாம் சந்தோஷத்தில் வெளியே வந்தது. அதைப் பார்த்து நூருன்னிசாவும் முந்தானையை எடுத்தார்.

“அழுகைய அப்புறம் வச்சுக்கிடுங்க” என்றாள் முஹ்ஸினா. “மஜீது மாமா ஸ்டாரு மட்டும் இன்னும் போகல.”

“எந்தம்பிக்கு எடுக்கத் தெரியாதுட்டி.”

“இல்ல உம்மா. மெயில்ல நாப்பத்தோரு பேருன்னுதான போட்டுருந்தாங்க? ஒண்ண எண்ணாம விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். இங்க பாருங்க, மாமா பேருக்குப் பக்கத்துல ‘வாங்கியவர்’னு போட்டுருக்கு. பார்சல் மட்டும் வேற பேருக்கு, வேற விலாசத்துக்குப் போயிருக்கு.”

பெண்கள் குளிக்கிற அங்கி. மஜீதுக்கு எதற்கு?

“எப்படியும் அவருகிட்ட பேசணும்” என்றான் சலீம். “வேலைக்குச் சேத்துவிட்டவரு. போகலன்னு நானே சொல்லுததுதான் மரியாத.” போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான்.

“மாமா, கோவப்படாதிய. நான் தம்மாமுக்குத் திரும்பிப் போகல.”

மறுமுனையில் பின்னால் அருவி இரைச்சல் கேட்டது.

“நல்லதுலே” என்றார் மஜீது. “முப்பது வருஷம் நான் போயி என்னத்தக் கண்டேன். பொண்டாட்டி பிள்ளயோட இரி.”

சாஜிதாவின் மனதில் மிச்சமிருந்த கடைசிப் பாரமும் இறங்கியது. மஜீது தொண்டையைக் கனைத்தார்.

“அத விடு. கட தெறந்துட்டுன்னு இப்பதான் லிங்க் வந்துச்சு. சாஜிதாகிட்ட சொல்லி அந்த அங்கில இன்னொண்ணு எடுத்து வைலே. ஊதாக் கலருல. போன தடவ வாங்குனது அவங்களுக்குக் கொஞ்சம் நீளமாப் போச்சு.” குரல் தணிந்தது. “இது உங்க உம்மாக்கு மட்டும் தெரிய வேண்டாம், என்ன?”

காலண்டர் தாளும் பேனாவுமாக நூருன்னிசா மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். குனிந்து, போனுக்கு மிக அருகில் வாயைக் கொண்டுபோனார்.

“எவங்களுக்குலே நீளமாப் போச்சு?”